கதவில் ஒட்டிய நோட்டீசுக்கு ஓர் உரை

தமிழ் நாளிதழ்களின் உள்பக்கத்தில் டெண்டர் அறிவிப்புகளுக்கும் கண்ணீர் அஞ்சலிகளுக்கும் நடுவே, பொடி எழுத்தில் கட்டம் கட்டி ஓர் அறிவிப்பு வரும். தலையில் வங்கியின் பெயர், அதன் கீழே ‘சுவாதீன அறிவிப்பு (அசையாச் சொத்து)’. அதே வாசகம் உள்ள தாள் அந்த வீட்டு வாசற்கதவிலோ இரும்பு கேட்டிலோ மைதாப் பசையில் ஒட்டப்பட்டிருக்கும். ஒட்டியவர் ஒட்டின கையோடு செல்போனில் அதைப் படமெடுத்துக்கொண்டு போயிருப்பார். பின்னால் வழக்குக் கட்டில் அந்தப் படம் சேரும். தெருவில் போகிறவர்கள் பெயரையும் தொகையையும் மட்டும் படிப்பார்கள். வீட்டுக்காரர் பெரும்பாலும் அதுகூடப் படிப்பதில்லை. பசை காய்வதற்குள் கிழித்து மடித்துப் பீரோவில் வைத்துவிடுவார்.

இந்த வாசகத்தை எந்த மேனேஜரும் உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை. சர்பாசி என்று எல்லோரும் சொல்கிற 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்த விதிகளில் நான்காம் பிற்சேர்க்கையாக இதன் படிவம் இருக்கிறது. பெயர், தொகை, தேதி, நான்கெல்லை மட்டுமே வீட்டுக்கு வீடு மாறும். வங்கி கோர்ட் படி ஏறாமலே வீட்டை எடுத்து விற்றுக்கொள்ளலாம் என்பதற்காகச் செய்த சட்டம் இது. வேகம்தான் இதன் நோக்கம். ஆனாலும் கடன்தாரருக்கென்று அங்கங்கே அவகாசம் விட்டிருக்கிறார்கள், அதில் பெரும்பகுதி இந்த ஏழெட்டு வரிகளுக்குள்ளேயே மடங்கிக் கிடக்கிறது. எந்தத் தொடர் எத்தனை நாள் தருகிறது, அந்த நாளை எதற்குச் செலவழிப்பது என்று பார்ப்பதுதான் இந்த உரை. தமிழாக்கம் என்னுடையது, பத்திரிகைக்குப் பத்திரிகை சொற்கள் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும்.

“கீழே கையொப்பமிட்டுள்ள, —— வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அலுவலர், மேற்படி 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், பிரிவு 13(12), விதி 3 ஆகியவை தரும் அதிகாரத்தின்படி…”

கையொப்பமிட்டவர் யார் என்பதே முதல் சேதி. அரசு வங்கியானால் சீஃப் மேனேஜர் பதவிக்குக் குறையாத ஒருவர்தான் அங்கீகரிக்கப்பட்ட அலுவலராக இருக்க முடியும். மற்ற நிறுவனங்களில் அதற்கு இணையான பதவி. கடன் வாங்கும்போது காபி வாங்கிக் கொடுத்த கிளை மேனேஜரிடம் போய் மாதக்கணக்கில் மன்றாடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. “பார்க்கலாம் சார், மேலே பேசுறேன்” என்று அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. முடிவு அவர் கையில் இல்லை, அவ்வளவுதான். சொல்ல வேண்டியதை, எழுத்தில், கையெழுத்துப் போட்டவர் பெயருக்கும் பதவிக்கும் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். கிளைக்கு ஒரு நகல் போதும்.

‘சட்டத்தின்கீழ்’ என்ற சொல்லுக்கு ஒரு வெளிப்புறமும் உண்டு. இந்தச் சட்டம் பாயாத இடங்கள் சில இருக்கின்றன. விவசாய நிலத்தின் மேல் உள்ள அடமானம் அதிலொன்று. பட்டாவில் நஞ்சை என்று இருந்தால் மட்டும் போதாது. அங்கே உண்மையிலேயே விவசாயம் நடக்கிறதா என்று உச்ச நீதிமன்றம் கேட்கிறது, அதைக் காட்டும் பொறுப்பும் கடன்தாரர் தலையில்தான். லே-அவுட் போட்டு வீடு கட்டிவிட்ட மனைக்கு இந்த வாதம் செல்லாது. இன்னொன்று, பாக்கி நிற்பது அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் சர்பாசி எடுக்க முடியாது. பதினைந்து வருடம் ஒழுங்காகக் கட்டிவிட்டுக் கடைசியில் தடுக்கி விழுந்தவர்கள், அழுவதற்கு முன்னால் கால்குலேட்டரை எடுப்பது நல்லது. பெரிய வங்கி என்றாலும் கணக்குப் பார்க்காமல் நோட்டீஸ் விடுவது உண்டு.

முன்சீப் கோர்ட்டில் ஒரு தடை வாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இந்த விவகாரத்தில் சிவில் கோர்ட்டுக்கு அதிகாரம் கிடையாது என்று 34-ஆம் பிரிவு கதவை அடைத்துவிட்டது.

“…—— தேதியிட்ட கேட்பு அறிவிப்பை அனுப்பி, அதில் கண்ட ரூ. —— தொகையை, அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் செலுத்துமாறு கடன்தாரரைக் கோரியிருந்தார்.”

கதவில் தாள் ஒட்டப்படும்போது இந்த 60 நாள் கழிந்துபோயிருக்கும். ஆனால் இந்த வரியில்தான் அதிகம் புதைந்திருக்கிறது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

தவணை தவறி 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. வங்கிக்காரர்கள் வாயில் என்பிஏ. அதற்குப் பிறகுதான் இந்த 60 நாள் நோட்டீஸ் வர முடியும். ஆக, முதல் தவணை தவறியதிலிருந்து கதவில் தாள் விழுவதற்குக் குறைந்தது ஐந்து மாதம். நடைமுறையில் இன்னும் கூடுதலாகவே ஆகும். இந்த ஐந்து மாதத்தைத்தான் நம் ஆட்கள் தெரியாத நம்பர் என்றால் போனை எடுக்காமல் கழிக்கிறார்கள்.

இங்கே ஒரு பாடபேதம். சட்டத்தின் 13(2) ‘அறிவிப்பின் தேதியிலிருந்து 60 நாள்’ என்கிறது. படிவமோ ‘கிடைத்த நாளிலிருந்து’ என்கிறது. எது சரி என்று வாதாடி நாலு நாள் சம்பாதிக்கிறவர்களும் உண்டு. கடன்தாரர் செய்யக்கூடியது எளிது: தபால் வந்த உறையை, அஞ்சல் முத்திரையோடு, கிழிக்காமல் வைத்துக்கொள்வது. உறை குப்பைக்கும் தாள் பீரோவுக்கும் போவதுதான் நம் வீட்டு வழக்கம்.

தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பினால் நாள் கிடைக்கும் என்பது கிராமத்திலும் நகரத்திலும் ஒன்றுபோல் நிலவும் நம்பிக்கை. கிடைக்காது. தட்டிக்கழிக்கிறார் என்று தெரிந்தால் கதவில் ஒட்டி, இரண்டு பத்திரிகையில் போட்டால் சேர்ப்பித்ததாகவே ஆகும் என்று விதி 3 சொல்கிறது. வாங்க மறுத்தவருக்கு நோட்டீஸ் சேர்ந்துவிடும். அதற்குப் பதில் எழுதும் வாய்ப்பு மட்டும் சேராது.

அந்தப் பதில்தான் இந்த வரியில் உள்ள முதல் புதையல். 13(3ஏ) என்ற உட்பிரிவு முதலில் சட்டத்தில் இல்லை. மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு அதே ஆண்டு சேர்த்தார்கள். கடன்தாரர் ஆட்சேபமோ கோரிக்கையோ எழுதினால், வங்கி அதைப் பரிசீலித்து, ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டும். அந்தப் பதிலை எதிர்த்து உடனே கடன் வசூல் தீர்ப்பாயம் போக முடியாது என்பது உண்மை. ஆனால் பதில் தராமலே வங்கி வீட்டைச் சுவாதீனம் எடுத்தால் அது பின்னால் பெரிய ஓட்டை. ‘ஐயா, கொஞ்சம் அவகாசம் தாருங்கள்’ என்று மட்டும் எழுதுகிற கடிதம் இதற்கு உதவாது. கணக்கு விவரம் கேட்க வேண்டும்: அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அபராதம் எவ்வளவு, எந்தத் தேதியில் என்பிஏ ஆக்கினீர்கள், நான் கட்டிய இன்ன தேதித் தொகையை எதில் வரவு வைத்தீர்கள். அபராத வட்டி என்று கூட்டிக்கொண்டே போகும் பழக்கத்தை ரிசர்வ் வங்கி நிறுத்தச் சொல்லி, 2024-இல் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. அபராதக் கட்டணம் வசூலிக்கலாம். அதை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது. இந்த ஒரு வரியை வைத்தே சில கணக்குகள் இளைக்கும்.

இரண்டாவது, தொகை. நோட்டீஸ் கேட்பது தவறிய தவணைகளை அல்ல, முழுக் கடனையும். பார்த்தவுடனே நெஞ்சு அடைப்பது அதனால்தான். ஆனால் நிலுவையில் உள்ள தவணையையும் வட்டியையும் முழுதாகக் கட்டிவிட்டால் கணக்கை மறுபடி நல்ல கணக்காக வைத்துக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கியின் வழிமுறை இருக்கிறது. ‘முழுதாக’ என்பதை 2021 நவம்பரில் அடிக்கோடிட்டுச் சொல்லிவிட்டார்கள். முன்பு ஒரு தவணை, இரண்டு தவணை கட்டி 90 நாள் கோட்டுக்குக் கீழே இறக்கிவிடலாம் என்றிருந்த பழக்கம் இப்போது உதவாது. எட்டுத் தவணை பாக்கி என்றால் எட்டையும் வைக்க வேண்டும். நகையை விற்று மூன்று தவணை கட்டுகிறவர் நகையையும் இழந்து என்பிஏவிலேயும் இருப்பார். கட்டினால் முழுப் பாக்கியைக் கட்டுவது, இல்லையென்றால் அந்தக் காசை வக்கீலுக்கோ வாடகை அட்வான்சுக்கோ கையில் வைத்திருப்பது: கல்நெஞ்சக்காரர் யோசனையாகத் தெரியலாம், ஆனால் இதுதான் சரியென்று எனக்குப் படுகிறது.

மூன்றாவது, விற்பனை. கேட்பு அறிவிப்பு வந்தபின், வங்கியின் எழுத்துப்பூர்வமான முன் அனுமதி இல்லாமல் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று 13(13) தடுக்கிறது. மீறினால் ஓராண்டு வரை சிறை என்று தண்டனையும் சட்டத்தில் இருக்கிறது. பலர் இதைத் ‘தானே விற்கவே முடியாது’ என்று புரிந்துகொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். சட்டம் கேட்பது அனுமதிதான். வாங்குகிற ஆளைக் கூட்டிக்கொண்டு போய், அவர் பணத்திலிருந்து கடனை நேரே வங்கியில் கட்டி, மூலப்பத்திரத்தை வெளியே எடுத்து, அன்றைக்கே சப்-ரிஜிஸ்டர் ஆபீசில் கிரயம் செய்வது தமிழ்நாட்டில் நாள்தோறும் நடக்கிறது. வங்கிக்கும் அதுவே வசதி. இந்த அனுமதிக் கடிதத்தைக் கேட்க வேண்டிய நேரம் இந்த 60 நாள்.

“கடன்தாரர் தொகையைச் செலுத்தத் தவறியதால்…”

ஏன் தவறினார் என்று படிவத்தில் கேள்வி இல்லை. வேலை போயிற்றா, கணவன் இறந்தாரா, வளைகுடாவிலிருந்து சம்பளம் வராமல் நின்றதா எல்லாம் சட்டத்துக்கு ஒன்றே. அந்தக் கதை மேலே சொன்ன பதில் கடிதத்தில் ஒரு பத்தியாக இருக்கலாம், அதற்கு மேல் அதனால் பயனில்லை. வசூலுக்கு வருகிறவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் கடன்தாரரைக் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2022-இல் வலியுறுத்திய கட்டுப்பாடு. மீறினால் நேரத்தையும் நம்பரையும் குறித்துக்கொண்டு புகார் எழுதலாம். ஜாமீன் போட்ட மச்சானையும் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்திட்ட மனைவியையும் இதே வரி சேர்த்துப் பிடிக்கிறது. அவர்களிடம் முதலிலேயே உட்கார்ந்து சொல்லிவிடுவது குடும்பத்துக்கு நல்லது. பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொள்கிற மச்சான் அதன் பிறகு உதவிக்கு வரமாட்டார்.

“…கீழே விவரித்துள்ள சொத்தை, பிரிவு 13(4), விதி 8 ஆகியவற்றின்படி, —— தேதியன்று கையொப்பமிட்டவர் சுவாதீனம் எடுத்துக்கொண்டார் எனக் கடன்தாரருக்கும் பொதுமக்களுக்கும் இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது.”

இதைப் படித்த அன்று ராத்திரி அந்த வீட்டில் யாரும் தூங்கமாட்டார்கள். ‘எடுத்துக்கொண்டார்’ என்று இறந்தகாலத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் அடுப்பு எரிகிறது, பிள்ளை ஹோம்வொர்க் எழுதுகிறது, சாவி வீட்டுக்காரர் இடுப்பில் இருக்கிறது. எடுத்தது பெயரளவுச் சுவாதீனம். அறிவிப்பில் சில வங்கிகள் ‘குறியீட்டு சுவாதீனம்’ என்றே போடுவார்கள், சிலர் போடுவதில்லை. உள்ளே குடியிருப்பவரை வெளியேற்றும் வேலை இதற்குப் பிறகு தனியாக வரும்.

மானம் போயிற்று என்று அந்த வாரமே சாமானைக் கட்டிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போய்விடுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் காலி வீடு வங்கிக்கு மிகப் பெரிய சௌகரியம். பூட்டுப் போட்டு சீல் வைத்தால் முடிந்தது. குடியிருப்பவர் இருக்கும்வரை வங்கி 14-ஆம் பிரிவில் மாவட்டக் கலெக்டரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ (பெருநகரமானால் தலைமைப் பெருநகர நடுவரிடம்) மனுப் போட்டு உத்தரவு வாங்கியாக வேண்டும். மனுவோடு ஒன்பது விஷயங்களை உறுதிசெய்யும் பிரமாணப் பத்திரமும் தர வேண்டும். உத்தரவு 30 நாளில், காரணம் எழுதினால் அதிகபட்சம் 60 நாளில் வர வேண்டும் என்பது ஏட்டுக் கணக்கு. கலெக்டர் ஆபீசில் கோப்பு நகரும் வேகம் எல்லோருக்கும் தெரிந்ததே. அந்தக் கெடு தாண்டினாலும் உத்தரவு போடும் அதிகாரம் போய்விடாது என்று 2020-இல் சி.பிரைட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், இங்கே தானாகவே சில மாதம் கிடைக்கிறது. கடன்தாரர் கேட்டு வாங்காத அவகாசம் இது. கலெக்டரிடம் போய் நியாயம் பேசுவதில் பலனில்லை. தாள்கள் சரியா என்று பார்ப்பதோடு அவர் வேலை முடிந்தது.

கேட்டு வாங்கும் அவகாசம் 17-ஆம் பிரிவில் இருக்கிறது. சுவாதீன நடவடிக்கை நடந்த நாளிலிருந்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில், டிஆர்டியில், மனுப் போடலாம். பெயரளவுச் சுவாதீனம்தானே, நிஜமாக வெளியேற்றும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம். இதற்கே மனுப் போடலாம் என்று 2018-இல் ஹிந்தோன் ஃபோர்ஜ் வழக்கில் தீர்ந்துபோயிற்று. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரையில் தீர்ப்பாயங்கள் உண்டு. கடன்தாரருக்குக் கட்டணம் 10 லட்சத்துக்குள் லட்சத்துக்கு 500 ரூபாய். அதற்கு மேலே 5,000 ரூபாயும், கூடுதல் லட்சம் ஒவ்வொன்றுக்கும் 250 ரூபாயும். 30 லட்சம் பாக்கி உள்ளவர் 10,000 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும், வக்கீல் செலவு தனி. முன்பு கேட்ட தொகையில் 75 சதவீதத்தைக் கட்டினால்தான் மனுவையே எடுப்போம் என்று சட்டத்தில் இருந்தது. மார்டியா தீர்ப்பு ரத்துசெய்தது அதைத்தான். இப்போது மனுப் போட முன்பணம் இல்லை. ஆனால் ஸ்டே கேட்டால், இத்தனை லட்சத்தை இத்தனை வாரத்தில் கட்டு என்ற நிபந்தனையோடுதான் பெரும்பாலும் வரும். கட்டத் தவறினால் ஸ்டே தானாகக் கலையும். கட்டக்கூடிய தொகையைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டே கேட்பவர் ஒரு வகை. ஸ்டே வந்தபின் வட்டிக்காரனைத் தேடி ஓடுபவர் இன்னொரு வகை. இரண்டாமவர் வக்கீலிடமாவது உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்.

தீர்ப்பாயம் என்ன பார்க்கும்? 60 நாள் சரியாக விட்டார்களா, பதில் கடிதத்துக்குக் காரணம் சொன்னார்களா, சுவாதீனம் எடுத்த ஏழு நாளுக்குள் இரண்டு பத்திரிகையில், அதில் ஒன்று வட்டார மொழியில், விளம்பரம் வந்ததா, கணக்கு சரியா. ஓட்டை இருந்தால் நடவடிக்கை ரத்தாகும், சுவாதீனம் திரும்பும். வங்கி மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். அதாவது ஜெயித்தாலும் கிடைப்பது காலம்தான். கடன் அப்படியே நிற்கும். “கேஸ் போட்டால் வீடு நமக்கே வந்துவிடும்” என்று சொல்லி ஃபீஸ் வாங்குகிறவரிடம் இந்த வரியைக் காட்டிக் கேட்க வேண்டும். அங்கே தோற்றால் மேல்முறையீட்டுக்கு, கடன் தொகையில் 50 சதவீதம் கட்ட வேண்டும். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மனசு வைத்தால் 25 வரை குறைக்கலாம், அதற்குக் கீழே இல்லை.

“கடன்தாரர் குறிப்பாகவும் பொதுமக்கள் பொதுவாகவும் மேற்படி சொத்தைக் கையாள வேண்டாம் என எச்சரிக்கப்படுகிறார்கள். அவ்வாறு கையாண்டால் அது ரூ. —— மற்றும் அதன் மேல் வட்டிக்கான வங்கியின் பொறுப்புக்கு உட்பட்டதாகும்.”

முதல் வாக்கியம் ஊருக்கு. முன்தேதியிட்டு வாடகை ஒப்பந்தம் எழுதுவது, தங்கையை விட்டுப் பாகப்பிரிவினைக் கேஸ் போடச் சொல்வது எல்லாம் டீக்கடை யோசனைகள். குத்தகைதாரர் உண்மையானவரா, கேட்பு அறிவிப்புக்குப் பின் வந்தவரா என்று தீர்ப்பாயம் தோண்டிப் பார்க்கத் தனியே ஒரு உட்பிரிவே 2016-இல் சேர்த்திருக்கிறார்கள். இந்த வித்தைகள் நாலு மாதம் தரலாம். அதற்குப் பிறகு செட்டில்மென்ட் பேசப் போனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் கொடுக்கமாட்டார்.

இரண்டாம் வாக்கியத்தில் கண்ணுக்குத் தப்புகிற சொல் ‘அதன் மேல் வட்டி’. இழுத்தடிப்பதன் விலை அதுதான். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பாக்கி 30 லட்சம், வட்டி 9 சதவீதம் என்றால் மாதம் 22,500 ரூபாய் ஏறுகிறது, வருடத்துக்கு 2,70,000. அதே மாதிரி வீடு பக்கத்துத் தெருவில் 12,000 ரூபாய் வாடகைக்குக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டின் வெளிமார்க்கெட் விலை 45 லட்சமானால் அதில் கடன்தாரருடைய பங்கு 15 லட்சம். அவர் இழுக்கிற ஒவ்வொரு மாதமும் அந்தப் பதினைந்திலிருந்துதான் 22,500 கரைகிறது. சும்மா குடியிருக்கிறோம் என்று நினைப்பவர், 12,000 வீட்டுக்கு 22,500 வாடகை கொடுத்துக் குடியிருக்கிறார். இவருக்குத் தாமதம் ஆறு மாதத்துக்கு உதவும், வாங்கும் ஆளைத் தேடிப் பிடிக்க. இரண்டு வருடம் என்றால் தன் காசைத் தானே தின்பது.

வீட்டின் விலை 25 லட்சம்தான் தேறும், கடன் 30 லட்சம் என்றால் கணக்கு தலைகீழ். இவருக்கு அந்த வீட்டில் இழக்கப் பங்கு இல்லை. ஓடும் மாதங்கள் வாடகையை மிச்சப்படுத்துகின்றன; அந்த மிச்சத்தைத் தனியே எடுத்து வைத்தால் அடுத்த வீட்டு அட்வான்சாகும். ஆனால் வீடு போனதோடு கடன் போகாது. ஏலத்தில் வந்தது போக மீதியை 13(10)-இன்படி வங்கி துரத்தி வசூலிக்கலாம். ஆகவே இவர் பேச வேண்டியது மொத்தத்துக்கும் சேர்த்த ஒருமுறைத் தீர்வு, ஓடிஎஸ். அது கடன்தாரரின் உரிமையல்ல, கொடு என்று கோர்ட்டே வங்கிக்கு உத்தரவிட முடியாது என்று 2021-இல் பிஜ்னோர் கூட்டுறவு வங்கி வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்கும்போது கையில் ஒரு டிடி இருந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

“பிணையச் சொத்தை மீட்பதற்குள்ள கால அவகாசம் பற்றிச் சட்டத்தின் 13(8) பிரிவுக்குக் கடன்தாரரின் கவனம் ஈர்க்கப்படுகிறது.”

முழு அறிவிப்பிலும் கடன்தாரரைப் பார்த்து அவர் நன்மைக்காகப் பேசும் ஒரே வரி. ஆனால் விஷயத்தைச் சொல்லாமல் பிரிவு எண்ணைச் சொல்லி நிறுத்திவிடுகிறது. சட்டப் புத்தகம் வீட்டில் வைத்திருப்பவர் யார்?

அந்தப் பிரிவு சொல்வது: இன்ன நாளுக்கு முன்னால் வங்கிக்குச் சேர வேண்டிய மொத்தத்தையும் செலவோடு கட்டினால் வீட்டை விற்கக் கூடாது. எந்த நாள் என்பதில்தான் விஷயம். 2016 வரை, விற்பனைக்குக் குறித்த நாளுக்கு முன் என்றிருந்தது. ஏலத்துக்கு முதல் நாள் மாலை பணப்பையோடு ஓடிவந்து வீட்டை மீட்ட கதைகள் அந்தக் காலத்தவை. அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து, ஏல அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன் என்று மாற்றிவிட்டார்கள். 2023 செப்டம்பரில் செலிர் எதிர் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராக உறுதிப்படுத்தியது: பேப்பரில் ஏல அறிவிப்பு வந்த பிறகு மீட்கும் உரிமை இல்லை. வங்கியே மனமுவந்து ஒத்துக்கொண்டாலும், அதற்குள் ஏலத்தில் எடுத்தவரின் உரிமையைத் தட்டிவிட முடியாது.

குழப்பம் வருவது இங்கேதான். ஏலத்துக்கு 30 நாள் முன்னால் கடன்தாரருக்கு அறிவிப்புத் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. இன்னும் முப்பது நாள் இருக்கிறதே என்று அவர் அந்த முப்பது நாளில் பணம் புரட்டுகிறார். அந்த அறிவிப்பு பேப்பரில் வந்தவுடன் அவருடைய கெடு முடிந்துபோயிற்று என்பது தெரியாமலே புரட்டுகிறார். பழைய சட்டம் தெரிந்த பெரியவர்கள் சிலரும் ‘ஏலத்துக்கு முன்னாடி கட்டினால் போதும்’ என்று தைரியம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சுவாதீன அறிவிப்புக்கும் ஏல அறிவிப்புக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் நிஜமான அவகாசம். அது எத்தனை நாள் என்று எங்கும் எழுதவில்லை. வங்கி நினைத்தால் நாளைக்கே கெடு. அதனால்தான் 45 நாள் உரிமையை நாற்பத்து நாலாம் நாள் வரை வைத்திருக்கக் கூடாது.

ஏல அறிவிப்பு வந்த பிறகும் செய்ய வேண்டியவை மிச்சம் இருக்கின்றன. குறைந்தபட்ச விலையை அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரின் மதிப்பைக் கொண்டுதான் நிர்ணயிக்க வேண்டும்; அடிமாட்டு விலை என்று தோன்றினால் வேறொரு மதிப்பீட்டாளரிடம் மதிப்பு வாங்கி எழுத்தில் ஆட்சேபிக்கலாம், தீர்ப்பாயத்திலும் சொல்லலாம். அந்த விலைக்குக் கீழே விற்க வேண்டுமானால் கடன்தாரரின் சம்மதமும் தேவை என்பது விதி 9-இல் இருக்கிறது. சம்மதக் கடிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடக் கூடாது. எடுக்கிற ஆள் வராமல் ஏலம் விழுவதும் சகஜம். குடியிருப்பவர் உள்ள வீட்டை எடுக்கப் பலரும் தயங்குவார்கள். மறு ஏலத்துக்கு 15 நாள் அறிவிப்பு போதும், பொதுவாகக் குறைந்த விலையில். எடுத்தவர் 25 சதவீதத்தை அன்றே அல்லது மறு வேலைநாளில் கட்ட வேண்டும், மீதிக்கு 15 நாள். எழுத்தில் ஒப்புக்கொண்டால் மூன்று மாதம் வரை நீட்டலாம். விற்ற பணத்தில் கடன், செலவு போக மிச்சம் இருந்தால் அது வீட்டுக்காரருடையது. அதைக் கேட்டு ஒரு கடிதம் எழுத வேண்டும். கேட்காமல் விடுபவர்களும் இருக்கிறார்கள், ஏலம் முடிந்த நாளோடு அந்த வங்கிப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று.

உத்தரவோடு ஆள் வரும் நாளுக்கு ஒரு குறிப்பு. அட்வகேட் கமிஷனரோ வருவாய்த்துறை ஆளோ போலீசோடு வந்து நிற்கும்போது சாமான் எடுக்க நேரம் போதாது. பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார், மருந்துச் சீட்டு, கேஸ் புத்தகம், பூஜை அறைப் படங்கள் இவற்றை ஒரு மாதம் முன்பே உறவினர் வீட்டுக்கு மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். உள்ளே வைத்து சீல் வைத்துவிட்டால், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை எடுக்க மனுப் போட்டு அலைய வேண்டும்.

“சொத்து விவரம்: —— பதிவு மாவட்டம், —— சார்பதிவகம், சர்வே எண் ——இல் மனையும் அதிலுள்ள கட்டடமும். நான்கெல்லை: வடக்கில் ——, தெற்கில் ——, கிழக்கில் ——, மேற்கில் ——.”

வடக்கில் இன்னார் மனை, கிழக்கில் 20 அடி ரோடு என்று வரும். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் எல்லையாக இதில் அச்சாகியிருக்கும். அவர் இந்த அறிவிப்பைப் படிக்காமல் இருக்கமாட்டார் என்று வைத்துக்கொள்ளலாம், ஒளித்துப் பயனில்லை. அந்த வீட்டை வாங்க ஊரிலேயே அதிக ஆசை உள்ளவரும் பல நேரம் அவர்தான். இரண்டு மனையும் சேர்ந்தால் அவருக்கு மதிப்பு கூடும். தரகர் இல்லாமல் முதலில் தட்ட வேண்டிய கதவு அது. மானம் பார்த்து அந்த ஒரு கதவை மட்டும் விட்டுவிட்டு ஊரெல்லாம் ஆள் தேடுவார்கள்.

சர்வே எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் மூலப்பத்திர நகலோடு ஒத்துப் பார்க்க வேண்டும். 112/3ஏ என்பது 112/3 என்று அச்சாகியிருந்தால் அது தட்டச்சுப் பிழையா, வேறொருவர் மனையா என்று தீர்ப்பாயத்தில் கேட்கலாம். இதை மட்டும் நம்பிக்கொண்டிருக்க முடியாது, பார்க்காமலும் விடக் கூடாது.

“நாள்: —— இடம்: —— (ஒப்பம்) அங்கீகரிக்கப்பட்ட அலுவலர்.”

இந்த அறிவிப்பில் மூன்று தேதிகள் உண்டு. கேட்பு அறிவிப்பின் தேதி, சுவாதீனம் எடுத்த தேதி, பேப்பரில் வந்த தேதி. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே 60 நாள் இருக்கிறதா, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஏழு நாளுக்கு மேல் போயிற்றா, இரண்டாவதிலிருந்து எண்ணினால் நாற்பத்தைந்தாம் நாள் எந்தக் கிழமை என்று பார்க்க வேண்டும். கதவில் உள்ள தாளைக் கிழிப்பதானால் முதலில் அதை ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். வந்த பேப்பரை முழுப் பக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். கட்டத்தை மட்டும் வெட்டினால் பத்திரிகை பெயரும் தேதியும் போய்விடும். இதையெல்லாம் தபால் உறையோடு சேர்த்து, மூன்று தேதிகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், வக்கீல் ஆபீசில் முதல் அரைமணி நேரப் பேச்சு மிச்சமாகும்.